காத்திருப்புக் கூடமா கலைக்கல்லூரி?

சிற்றிதழ் வாசிக்கும் நண்பர்களிடையே ஒரு நகைச்சுவை வெகுநாளாகப் புழங்கி வருகிறது. ஊர்ப்புறத்துக் கலைக்கல்லூரி என்பது, காவலர் தேர்வு அறிவிப்பு வரும் வரையில் பையன்களும் மாப்பிள்ளை வரும் வரையில் பெண்களும் உட்கார்ந்திருக்கும் காத்திருப்புக் கூடம் என்பதே அது. இதற்கு ஒரு பாடபேதமும் உண்டு: தமிழ் எம்.ஏ. படித்தவருக்குத் தமிழ் இலக்கியம் தவிர மற்ற எல்லாம் தெரியும். சொல்பவர்கள் பெரும்பாலும் நம் மதிப்புக்குரியவர்கள், நல்ல வாசகர்கள், சிலர் நல்ல படைப்பாளிகளும்கூட. ஆகவேதான் மறுமொழி எழுத வேண்டியிருக்கிறது. மேடைப் பேச்சாளர் எவரேனும் சொல்லியிருந்தால் கேட்டுவிட்டுப் பேருந்து ஏறியிருப்போம்.

இதே நண்பர்கள் வேறொரு சொல்லைக் கேட்டதும் முகம் மலர்கிறார்கள். ‘லிபரல் ஆர்ட்ஸ்’ என்பது அச்சொல். 2014இல் அரியானாவின் சோனிபட்டில் அசோகா பல்கலைக்கழகம் வகுப்புகளைத் தொடங்கியது. நம் எல்லையை ஒட்டி, ஆந்திரத்து ஸ்ரீசிட்டியில் 2018இல் கிரியா பல்கலைக்கழகம் வந்தது. ஆண்டுக்குப் பல லட்சம் ரூபாய் கட்டினால், பொருளாதாரம் படிக்கும் மாணவர் கவிதையும் படிக்கலாம். கணினியியல் படிப்பவர் மெய்யியலும் படிக்கலாம். வகுப்பு சிறியது, ஆசிரியர் மாணவரைப் பெயர் சொல்லி அழைப்பார், பாடம் முடிந்த பிறகும் அவரைத் தேடிச் சென்று பேசலாம். நல்ல செய்திதான். அந்நிறுவனங்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆனால் ‘ஆர்ட்ஸ் காலேஜ்’ என்றால் இளக்காரமாகவும், முன்னால் ‘லிபரல்’ என்ற ஒட்டுச் சேர்ந்தால் மரியாதையாகவும் ஒலிக்கும் இந்தக் காது எப்படி உருவாயிற்று என்று கேட்கவேண்டியிருக்கிறது. இரண்டிடத்திலும் படிக்கப்படுபவை ஏறக்குறைய ஒன்றே. கட்டணத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் எஞ்சும் வேறுபாடு என்ன? அதைத்தான் இங்கே பேச விரும்புகிறோம்.

நாம் பேசுவதற்கு எடுத்துக்கொள்ளும் ஊர் திருக்கோவிலூர். 2021இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்ட புதிய அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் ஒன்று இவ்வூருக்குக் கிடைத்தது. அதற்கு முன் இங்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஏழைப் பிள்ளை அரசுக் கல்லூரி என்றால் விழுப்புரத்துக்கோ கள்ளக்குறிச்சிக்கோ திருவண்ணாமலைக்கோ போகவேண்டும். போக வழியில்லையென்றால் கரும்பு வெட்டப் போகவேண்டும். ஊரின் பழமையைப் பற்றி இலக்கிய வாசகருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. மலையமான் திருமுடிக்காரியின் நாடு. அட்ட வீரட்டங்களில் ஒன்று. உலகளந்த பெருமாள் கோயில். முதலாழ்வார் மூவரும் மழையிரவில் சந்தித்ததாகச் சொல்லப்படும் இடைகழி. (ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று அந்த இடத்தைச் சொல்வார்கள். மூன்று அந்தாதிகள் பிறந்த இடம் அவ்வளவுதான். கட்டடம் போதவில்லை என்று கோப்பு எழுதும்போதெல்லாம் நமக்கு இது நினைவுக்கு வருவதுண்டு.)

பழமை இருக்கட்டும். இன்று இவ்வட்டாரத்து மாணவரின் நிலைமை என்ன? ஊரே இரண்டு மாவட்டங்களின் விளிம்பில் இருக்கிறது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது திருக்கோவிலூர் அதனுடன் போயிற்று. பெண்ணையாற்றின் வடகரையில் இருக்கும் அரகண்டநல்லூர் விழுப்புரத்திலேயே தங்கிவிட்டது. திருக்கோவிலூர் என்று பெயர்ப்பலகை தாங்கிய தொடர்வண்டி நிலையம் அரகண்டநல்லூரில் இருக்கிறது! பல்கலைக்கழகங்களின் கதை இதைவிட வேடிக்கையானது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழிருந்த இப்பகுதிக் கல்லூரிகள், 2002இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தோன்றியதும் வேலூரைப் பார்த்துத் திரும்பின. 2021 பிப்ரவரியில் விழுப்புரத்தில் ஜெயலலிதா பெயரால் ஒரு பல்கலைக்கழகம் சட்டமாயிற்று. ஆட்சி மாறிய அதே ஆண்டிலேயே அது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டு, இவ்வட்டாரக் கல்லூரிகள் சிதம்பரத்தை நோக்கித் திரும்பின. 2019இல் கல்லூரியில் சேர்ந்து 2022இல் வெளியேறியவர் மூன்று பல்கலைக்கழகங்களின் பெயர்களைக் கேட்டபடியே பட்டம் முடித்தார். ‘மல்டி டிசிப்ளினரி’ என்பது இதுதான் போலும் என்று அவர் நினைத்திருந்தால் அவர் மேல் குற்றமில்லை.

இப்பிள்ளைகளின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதைக் காத்திருப்புக் கூடம் என்று சிரிப்பவர்கள் ஒருமுறை பின்தொடர்ந்து பார்க்கவேண்டும். மணலூர்ப்பேட்டை, ரிஷிவந்தியம், முகையூர், கண்டாச்சிபுரம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து காலை ஏழு மணிக்கே கிளம்புகிறார்கள். 2021 மே மாதம் முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானது எத்தனை பெண்களைக் கல்லூரிக்குக் கொண்டுவந்தது என்பதை வகுப்பறையில் நிற்பவர்கள் அறிவார்கள். 2022இல் புதுமைப் பெண் திட்டமும் 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் வந்து, அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளின் கைக்கு மாதம் 1,000 ரூபாய் வந்தது. இவற்றைக் குறைத்துப் பேசும் மேட்டிமை நமக்கில்லை. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் நாடு முழுவதற்கும் 28.4 ஆக இருக்க, தமிழ்நாட்டில் 47 ஆக இருந்தது. அந்த 47க்குள் கரும்புக்காட்டுக் கூலியின் மகளும் கல்வராயன் மலைப் பிள்ளையும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் பெரும்பாலும் அவர்களேதான்.

வந்து சேர்ந்தபின் அவர்கள் படிப்பது என்ன? நம் பல்கலைக்கழகங்களின் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு: பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மைப் பாடமும் அதன் சார்புப் பாடமும், அதற்கப்பால் சுற்றுச்சூழலியல், விழுமியக் கல்வி, விரிவாக்கப் பணி என்று நான்காம் ஐந்தாம் பகுதிகள். வேதியியல் படிக்க வந்த பெண் சங்கப் பாட்டும் சிறுகதையும் படித்தாகவேண்டும். வரலாறு படிக்க வந்த பையன் ஆங்கிலக் கவிதையோடு மல்லுக்கட்டியாகவேண்டும். இந்த ஏற்பாட்டை எவரும் ‘லிபரல் ஆர்ட்ஸ்’ என்று பெயரிட்டு விற்கவில்லை. ஆனால் ஒரு மனிதர் ஒரே துறைக்குள் குறுகிவிடக்கூடாது என்ற எண்ணம்தானே இதன் அடியில் கிடப்பது? அரைநூற்றாண்டுக்கு மேலாக, இளநிலையில் கற்பிப்புக் கட்டணமும் இல்லாமல் பிற்பாடு, ஊர்ப்புறப் பிள்ளைகளுக்குக் கிடைத்துவந்த அகலம் இது.

இந்த அகலம் வெறும் காகித அகலம் என்று நண்பர்கள் சொல்லக்கூடும். பல இடங்களில் அப்படித்தான், மறுப்பதற்கில்லை. குறிப்பேட்டை வாசித்துவிட்டு மணியடித்ததும் வெளியேறும் ஆசிரியர்களை நாமும் பார்த்திருக்கிறோம். வினா விடைக் கையேட்டைத் தவிர வேறெதையும் தொடாமல் பட்டம் வாங்கிப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறோம். ஆனால் எப்போதாவது அந்த அகலம் உயிர்கொள்ளும்போது என்ன நடக்கிறது என்பதையும் பார்த்திருக்கிறோம். அதில் ஒன்றை மட்டும் சொல்கிறோம். கல்லூரியின் பெயர் வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன், பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் பாரி இறந்தபின் கபிலர் பாடிய புறநானூற்றுப் பாடல்கள் நடந்துகொண்டிருந்தன. வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் எழுந்து, “ஐயா, பாட்டுக்குக் கீழே இருக்கிற குறிப்பில் கபிலர் வடக்கிருந்தார் என்று போட்டிருக்கிறது. எங்கள் ஊரில் அவர் தீயில் இறங்கினார் என்று சொல்வார்கள். எது சரி?” என்று கேட்டார். அவர் கண்டாச்சிபுரம் பக்கத்துக்காரர். ஆற்றில் இருக்கும் கபிலர் குன்றைச் சிறுவயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர்.

கேள்வி சாதாரணமானதன்று. புறநானூற்றின் பழைய குறிப்பு, கபிலர் பாரியின் மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துவிட்டு வடக்கிருந்ததாகச் சொல்கிறது. கீழூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டோ, பாரி அடைக்கலமாக விட்ட பெண்ணை மலையனுக்குக் கொடுத்துவிட்டு அவர் தீப்புகுந்ததாகச் சொல்கிறது. ஒன்றில் மகளிர் பலர்; மற்றொன்றில் பெண் ஒருத்தி. ஒன்றில் பார்ப்பார், மற்றொன்றில் அரசன். ஒன்றில் உண்ணா நோன்பு; மற்றொன்றில் நெருப்பு. பாட்டுக்கும் குறிப்புக்கும் இடையே ஒரு காலம்; குறிப்புக்கும் கல்வெட்டுக்கும் இடையே இன்னொரு காலம். சோழர் அரண்மனைக்குப் பெண் கொடுத்த மலையமான் குடி, தன் பழம்பெருமைக்குள் கபிலரையும் பாரி மகளையும் இழுத்துக்கொண்ட கதையாக இருக்குமோ இது? இராசராசனின் தாய் வானவன் மாதேவி மலையமான் குலத்தவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இலக்கியம், கல்வெட்டியல், அரசியல் வரலாறு மூன்றும் முட்டிக்கொள்ளும் இடம் இது. லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் வகுப்பறைகள் எந்தக் கணத்துக்காக ஏங்குகின்றனவோ அந்தக் கணம், பெண்ணையாற்றங்கரையில் தானாக வந்து நின்றது.

அடுத்து நடந்ததையும் சொல்லவேண்டும். வரலாற்றுத் துறையில் இளைஞர் ஒருவர் கௌரவ விரிவுரையாளராக இருந்தார். கல்வெட்டு எழுத்துப் படிக்கத் தெரிந்தவர். அம்மாணவியையும் அவர் தோழியர் இருவரையும் ஒரு சனிக்கிழமை கீழூருக்கு அழைத்துப்போய் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். மூவரும் உலை மூட்டிய பானை போலக் கொதித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். அடுத்த வாரம் முழுவதும் கேள்விகள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியைப் பார்க்கவேண்டும் என்றார்கள். கல்லூரி நூலகத்தில் அது இல்லை. இருந்த அலமாரிகளும் மூன்று மணிக்குப் பூட்டப்பட்டன. ஏப்ரலில் தேர்வு வந்தது. மே மாதத்தில் கௌரவ விரிவுரையாளருக்கு ஊதியம் கிடையாது என்பது நண்பர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. ஆண்டுக்குப் பதினொரு மாதமே அவர்களுக்குச் சம்பள மாதம். அந்த மே மாதத்தில் அவர் வேறு ஊரில் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்துவிட்டார். வீட்டில் குழந்தை பிறந்திருந்தது. மூன்றாமாண்டு முடிவில் அம்மாணவி, முதுகலையில் வரலாறு எடுக்கலாமா, எங்கே படிப்பது, கல்வெட்டியல் படித்தால் பிழைக்க முடியுமா என்று கேட்க வந்தபோது, கேட்கவேண்டிய ஆள் அங்கே இல்லை. தமிழ் வாத்தியார் சொன்ன பதில் அவருக்குப் போதவில்லை. இப்போது மருந்துத் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வகத்தில் இருக்கிறார். நல்ல வேலைதான். அவர் அதை எண்ணி வருந்துவதாகவும் தெரியவில்லை. ஆனால் தமிழுக்கு ஒரு கல்வெட்டு ஆய்வாளர் கிடைத்திருக்கலாம், கிடைக்கவில்லை.

இதுதான் நாம் சொல்லவருவது. சிறிய கல்லூரியின் செல்வம் கட்டடமன்று, கணினிக்கூடமன்று. மாணவர் மூன்றாண்டும் அறிந்த ஆசிரியர் நான்காம் ஆண்டிலும் அதே நாற்காலியில் இருப்பார் என்ற உறுதியே அதன் செல்வம். அமெரிக்கச் சிறு கல்லூரிகள் தம் மாணவர்களுக்கு விற்பது அதைத்தான். அதை எடுத்துவிட்டால் சிறிய கல்லூரியிடம் எஞ்சுவது சிறுமை மட்டுமே. தமிழ்நாட்டு அரசு 170க்கும் மேற்பட்ட அரசு கலை அறிவியல் கல்லூரிகளைத் திறந்து வைத்திருக்கிறது. அவற்றின் வகுப்பறைகளைத் தாங்கி நின்றவர்கள் 7,000க்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள். ‘கௌரவ’ என்ற அடைமொழியைச் சூட்டியவருக்கு நகைச்சுவை உணர்வு மிகுதி. பல்கலைக்கழக மானியக் குழு 2019 ஜனவரியில் ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று வழிகாட்டியது. இங்கே மாதத் தொகுப்பூதியம் 20,000இலிருந்து 25,000 ஆனதே 2023இல்தான். நெட் தேர்வோ முனைவர் பட்டமோ முடித்து, நாற்பதைத் தொட்டுவிட்டவர்களுக்கு இது.

நிரந்தரப் பணியிடங்களின் கதை தனிக்கதை. 2013இல் 1,093 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் விளம்பரம் செய்தது. 2019இல் 2,331 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது, நியமனம் வரவில்லை. 2024 மார்ச்சில் 4,000 இடங்கள் என்றார்கள், தேர்வு தள்ளிப்போயிற்று. 2025 அக்டோபரில் அது 2,708 ஆகச் சுருங்கிப் புதிதாக வந்தது. 2013இல் இருபத்தெட்டு வயதில் விண்ணப்பித்துத் தவறவிட்டவர் இந்தப் புது அறிவிப்பின்போது நாற்பதாகியிருப்பார். இடைப்பட்ட பன்னிரண்டு மே மாதங்களை அவர் எப்படிக் கழித்தார் என்று எந்தக் கணக்கெடுப்பும் கேட்பதில்லை.

ஆசிரியரின் நிலைபேற்றுக்கும் இலக்கியத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் வாசகருக்கு ஒரு பழைய செய்தி. 1880இல் தியாகராச செட்டியார் உடல்நலமின்றி ஓய்வுபெற்றபோது, கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் வேலை உ.வே. சாமிநாதையருக்குக் கிடைத்தது. 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறும் வரை அவர் அங்கேயே இருந்தார். சீவக சிந்தாமணி 1887, பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894. எல்லாம் அந்த இருபத்துமூன்று ஆண்டுகளுக்குள். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தவர் விடுமுறை முடிந்து திரும்பி வர ஒரு வேலை இருந்தது; மாதம் பிறந்தால் சம்பளம் இருந்தது. மேற்சொன்ன மாணவி கேள்வி கேட்டாரே, அந்தக் குறிப்போடு கூடிய புறநானூறு அச்சேறியது ஒரு சிற்றூர்க் கல்லூரியின் நிரந்தரத் தமிழாசிரியர் வேலையின் நிழலில்தான். இன்று அதே புறநானூற்றை மே மாதச் சம்பளம் இல்லாத ஒருவர் நடத்துகிறார். அவரிடம் போய், ஏன் ஐயா புதிதாக ஒன்றும் பதிப்பிக்கவில்லை என்று நம் நண்பர்கள் கேலி பேசுகிறார்கள்.

(கும்பகோணத்தைப் புனிதமாக்கவும் வேண்டாம். ஐயர் கிளம்பிய மறு ஆண்டு, 1904இல், அக்கல்லூரியில் சேர்ந்த இராமானுஜன் கணிதம் தவிர மற்றவற்றில் மனம் வைக்காததால் உதவித்தொகையை இழந்தார். எல்லாரும் எல்லாம் படித்தாகவேண்டும் என்ற ஏற்பாடு சிலரை நசுக்கவும் செய்யும். இதையும் மறைக்காமல் வைத்துக்கொண்டே பேசுகிறோம்.)

இன்னும் பின்னால் போனால் வட்டுக்கோட்டை. அமெரிக்க மிஷனரிகள் தம் ஊர்க் கல்லூரிகளை மனத்தில் வைத்து, 1823இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியைத் தொடங்கினார்கள். டேனியல் பூர் அதன் தலைவர். மதமாற்றமே நோக்கம், மாணவர் அனைவரும் ஆண்கள், பெரும்பாலும் உயர்சாதியினர், இவற்றை மறைப்பதற்கில்லை. ஆனால் அங்கே தமிழ் இலக்கியமும் சமஸ்கிருதமும் ஆங்கிலமும் கணிதமும் தர்க்கமும் வானியலும் ஒரே கூரையின் கீழ்க் கற்பிக்கப்பட்டன. பொருளாக எடுத்துக்கொண்டால், தமிழ் நிலத்தில் சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்று சொல்லத்தக்க ஒன்று இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது. 1855இல் அதை மூடிவிட்டார்கள். அமெரிக்கத் தலைமையகத்தின் குறை என்ன தெரியுமா? படித்தவர்கள் மிஷன் பணிக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்பது. வேலை கிடைக்கிறது என்பதே அன்று குற்றமாயிற்று. வேலை கிடைப்பதில்லை என்பது இன்று நம்மீது சுமத்தப்படும் குற்றம்! மூடிய இரண்டாம் ஆண்டில், 1857இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகளாகத் தேறிய இருவரும் அந்தச் செமினரியின் பழைய மாணவர்கள். ஒருவர் தமிழில் இயற்கணித நூல் எழுதிய கறல் விசுவநாதபிள்ளை. மற்றவர் சி.வை. தாமோதரம்பிள்ளை, 1887இல் கலித்தொகையை அச்சிட்டவர். கணிதம் ஒரு பக்கமும் கலித்தொகை ஒரு பக்கமுமாக அந்த வகுப்பு பிள்ளைகளை அனுப்பியிருக்கிறது. கணக்குப் பார்த்து மூடியவர்களுக்கு அந்தக் கணக்குத் தெரிய இன்னும் முப்பது ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது தில்லியின் பக்கம். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை லிபரல் ஆர்ட்ஸை வானளாவப் புகழ்கிறது. தட்சசீலம், நாளந்தா, பாணபட்டரின் காதம்பரி, அறுபத்து நான்கு கலைகள் என்று முன்னோரை அழைத்துச் சாட்சி வைக்கிறது. சரி, மகிழ்ச்சி என்று மேலே படித்தால், 2040க்குள் உயர்கல்வி நிறுவனங்கள் யாவும் பலதுறை நிறுவனங்களாகி, ஒவ்வொன்றும் 3,000 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவரைக் கொண்டிருக்க முயலவேண்டும் என்கிறது. அமெரிக்காவில் லிபரல் ஆர்ட்ஸ் என்றதும் முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஸ்வார்த்மோரும் வில்லியம்ஸும் உண்டு. முன்னதில் ஏறத்தாழ 1,600 மாணவர்கள். பின்னதில் சுமார் 2,000. நம் கொள்கையின் அளவுகோலில் இரண்டும் தேறா. திருக்கோவிலூரோடு சேர்த்து அவற்றையும் பெரிய நிறுவனம் எதனோடாவது இணைத்துவிடவேண்டியதுதான். சிறியதாக இருப்பது பணக்காரப் பிள்ளைக்கு அருமை, ஏழைப் பிள்ளைக்கு வீண்செலவு என்ற எண்ணம் இதற்குள் இருப்பதாக நாம் ஐயப்படுகிறோம்.

தமிழ்நாட்டு அரசு அக்கொள்கையை எதிர்த்தது. அந்த எதிர்ப்பில் நாமும் உடன்படுகிறோம். ஆனால் சிறிய கல்லூரியைத் திறந்துவைத்துவிட்டு ஆசிரியரை ஆண்டுக்காண்டு மாற்றுவது எதிர்ப்பாகாது. 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் திறன் பாடங்கள் மதிப்பீட்டுப் புள்ளிகளோடு கல்லூரிக்குள்ளேயே வந்துவிட்டன. கணினி, ஆங்கிலப் பேச்சு, நேர்காணல் பயிற்சி எல்லாம் முதல்தலைமுறைப் பிள்ளைக்குத் தேவைதான். வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் வராது. நேரம் எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி. அட்டவணையில் ஒரு மணி நேரம் புதிதாக முளைக்காது, எங்கிருந்தோ எடுத்தாகவேண்டும். கடைசிப் பேருந்தைப் பிடிக்க மூன்றரைக்கு ஓடும் பிள்ளைகளிடமிருந்து, நூலகத்தில் உட்காரக்கூடிய அந்த ஒரு மணியைத்தான் எடுக்கிறார்கள். நேர்காணலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லக் கற்பிக்கிறோம். கீழூர்க் கல்வெட்டின் முன் நின்று ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்த பெண்ணுக்கு அந்தப் பயிற்சி அவ்வளவு தேவைப்பட்டிருக்காது என்பது நம் எண்ணம்.

இனி நண்பர்களிடமே ஒரு கேள்வி. நவீன இலக்கியத்தைக் கல்லூரிகள் கண்டுகொள்வதில்லை என்ற குறை அரைநூற்றாண்டுப் பழையது. அதில் உண்மையும் உண்டு. ஆனால் நவீன இலக்கியம் இந்தக் கல்லூரிகளை எத்தனை முறை கண்டுகொண்டது? சென்னையிலும் கோவையிலும் புத்தக வெளியீட்டுக்குப் போகும் எழுத்தாளர்களில் எத்தனை பேர் திருக்கோவிலூருக்கோ சங்கராபுரத்துக்கோ வந்து, முப்பது பேர் கொண்ட ஒரு வகுப்பின் முன் ஒரு சிறுகதையை வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்? வாசகர்கள் குறைந்துவிட்டார்கள் என்று புலம்பும் இதழ்கள் தம் பழைய இதழ்க்கட்டுகளை விலையில்லாமல் எந்த அரசுக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்பியிருக்கின்றன? வாசகர் பிறக்கும் இடம் இது. அங்கே பால் ஊற்றாமல், கறக்கும்போது மட்டும் செம்பைத் தூக்கிக்கொண்டு வந்தால் எப்படி?

நாம் கேட்பவை பெரியவையல்ல. 2025இன் அறிவிப்பாவது நியமன ஆணைகளில் போய் முடியவேண்டும்; அதுவரை இருப்பவர்களுக்கு மானியக் குழு சொன்ன தொகையும் பன்னிரண்டாவது மாதச் சம்பளமும் வேண்டும். புதிய அரசுக் கல்லூரிகளின் நூலகம் கடைசிப் பேருந்து வரை திறந்திருக்கவேண்டும். அதில் அந்தந்த வட்டாரத்தின் கல்வெட்டுத் தொகுதிகளேனும் இருக்கவேண்டும். அரசு செய்யவேண்டியவை இவை. நண்பர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூருக்கு அடிக்கடி பேருந்து இருக்கிறது. தொடர்வண்டியில் வந்தால் அரகண்டநல்லூரில் இறங்கி ஆற்றுப் பாலத்தைக் கடக்கவேண்டும். வகுப்புகள் பிற்பகலில் கலைந்துவிடுவதால் காலையிலேயே வந்துவிடுவது நல்லது. வரும்போது வீட்டில் இரண்டு படிகள் உள்ள நூல்களில் ஒன்றை எடுத்து வாருங்கள். கீழூர் கோயிலுக்கு மாலையில் போய்க்கொள்ளலாம். மாணவர்களே அழைத்துப் போவார்கள்.